டர்போ சக்கரத்தில் விரிசல்: வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

கேள்வி: எங்கள் பெல்ட் வகை நெல் அறுவடை இயந்திரத்தின் டர்போவைக் கழற்றியபோது, புகை பக்கச் சக்கரத்தின் இறகு ஒன்றில் சிறு பள்ளமும் அதிலிருந்து மயிரிழை விரிசலும் தெரிந்தன. வெல்டிங் வைத்துத் தேய்த்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். இயந்திரம் ஓடிய மணிநேரமும் குறைவுதான். சம்பா அறுவடைக்குத் தாங்குமா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: தாங்காது. அதில் வெல்டிங் வைக்கவே கூடாது.

எஞ்சின் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவிதான் டர்போ. டீசல் டர்போக்களில் புகை பக்கச் சக்கரத்தைப் பெரும்பாலும் இன்கொனல் 713 வகை நிக்கல் கலவையில் வார்க்கிறார்கள். நிக்கல் 70 சதவீதத்துக்கு மேல், அலுமினியம் சுமார் 6 சதவீதம். இவ்விரண்டும் சேர்ந்து உண்டாக்கும் நுண்துகள்களால்தான் 600, 700 டிகிரி புகையிலும் சக்கரம் உருக்குலையாமல் சுழல்கிறது. வெல்டிங்குக்கு எமனும் அவையே. வைத்த இடத்தை ஒட்டி ஆறும்போதே வெடிக்கும்; அப்போது தப்பினால் மறுபடி சூடேறும்போது வெடிக்கும்.

மணிநேரம் குறைவு என்பது ஆறுதல் இல்லை. நம் பக்கத்துத் துண்டு வயல்களில் வரப்புக்கு வரப்பு வேகத்தை ஏற்றி இறக்குகிறீர்கள். நெல்லைக் கொட்ட டிராக்டர் வரும்வரை நிறுத்துகிறீர்கள். ஒவ்வொரு முறையும் மெல்லிய இறகு சட்டென்று சூடாகி விரியப் பார்க்கிறது, தடித்த நடுப்பகுதி விடுவதில்லை. சூட்டில் நசுங்கிய இறகு, ஆறும்போது இழுபடுகிறது. அந்த இழுவிசை பள்ளத்தின் அடியில் குவியும். அகலமான தகட்டில் வட்டத் துளை போட்டாலே அதன் ஓரத்தில் இழுவிசை 3 மடங்கு. கூரான வெட்டில் இன்னும் அதிகம். உத்தரவாத அட்டைகளோ மணிநேரத்தையும் மாதத்தையும் மட்டுமே எண்ணுகின்றன. எத்தனை முறை சூடேறி ஆறியது என்று கேட்கும் அட்டையை நான் பார்த்ததில்லை.

விரிசல் எங்கே என்பதில் மட்டும் குழம்பிவிடாதீர்கள். சுழலாத வெளிக்கூட்டின் உள்ளே, புகை வழி குறுகும் நாக்குப் பகுதியில் மயிரிழை விரிசல் வருவது சகஜம். அது வெளிச்சுவர்வரை போகவில்லை, போல்ட் துளையைத் தொடவில்லை, வெளியே கரிக்கோடு படியவில்லை என்றால் பொதுவாக ஓட்டலாம். இரண்டு விரிசல்கள் ஒன்றையொன்று நெருங்கினால் கூட்டையும் மாற்றுங்கள். துண்டு பெயர்ந்தால் நேரே சக்கரத்தில்தான் விழும். இந்தச் சலுகை கூட்டுக்கு மட்டுமே. கூட்டைப் பற்றிச் சொன்னதைச் சக்கரத்துக்கும் சேர்த்துச் சொல்லி உங்களைச் சம்மதிக்க வைப்பார்கள்.

அடுத்து, ரீகண்டிஷன் செய்த (பழையதைச் சீர்செய்த) டர்போ விற்கும் தரகர் வருவார். சக்கரத்தில் காந்தத்தை வைத்து, “ஒட்டவில்லை பாருங்கள், அசல் நிக்கல்” என்பார். நல்ல எவர்சில்வர் பாத்திரத்திலும்தான் காந்தம் ஒட்டுவதில்லை. பளபளப்பையும் நம்பாதீர்கள், கிரைண்டர் கீறல் ஒவ்வொன்றும் ஒரு புதுப் பள்ளம், தேய்த்த சக்கரம் சமநிலையும் இழக்கும். பாக எண் போட்ட ரசீதும் பேலன்சிங் செய்த சீட்டும் இல்லாமல் கார்ட்ரிட்ஜ் (சக்கரங்களும் தண்டும் சேர்ந்த டர்போவின் நடுப்பகுதி) வாங்க வேண்டாம். இயந்திரம் வாங்க மானியம் தருகிற அரசு, ரீகண்டிஷன் பாகத்தைச் சோதித்துச் சொல்லத் தாலுகாவுக்கு ஓரிடம் வைத்திருந்தால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இருக்காது.

புதியதை மாட்டுவதற்கு முன், பள்ளம் விழுந்தது எதனால் என்று பாருங்கள். எஞ்சினிலிருந்து வந்த ஏதோ ஒன்றுதான் இறகில் அடித்திருக்கிறது: வால்வுச் சில்லு, கரிக்கட்டி, மேனிஃபோல்டு கேஸ்கெட் துணுக்கு. அதைக் கண்டுபிடிக்காவிட்டால் புதுச் சக்கரத்துக்கும் இதே கதி.

பழைய டர்போவை எக்சேஞ்சில் கேட்பார்கள். கொடுப்பதானால் அந்தச் சக்கரத்தின் இறகுகளைச் சுத்தியலால் உடைத்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் வைத்து, பாலிஷ் போட்டு, வேறு யாருடைய இயந்திரத்திலாவது மாட்டிவிடுவார்கள்.