ஓவனில் மரக்கறி வாட்டினால் ஏன் அவிந்துபோகிறது? சோற்றோடு சேருகிற மாதிரிச் சுலபமாகச் செய்வது எப்படி?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: வீட்டில் ஒரு மேசை ஓவன் இருக்கிறது, கேக் தவிர வேறொன்றுக்கும் பாவித்ததில்லை. கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு என்று வெட்டிப் போட்டால் சிவந்து வராமல் அவித்த மாதிரி வருகிறது. அப்படியே சிவந்து வந்தாலும் சோறு கறியோடு ஒட்டுவதில்லை. வாரநாளில் அலுவலகத்தால் வந்து செய்யக்கூடிய அளவுக்கு இலகுவாக ஏதாவது வழி உண்டா?

உண்டு. நான் கொழும்பில் ஒரு அடுக்குமாடி வீட்டுச் சின்னக் குசினியில் இதைத்தான் அடிக்கடி செய்கிறேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓவன் உள்ள வீடுகள் நிறைய. திறந்து பார்த்தால் உள்ளே தாச்சியும் பிஸ்கட் டின்னும் அடுக்கியிருக்கும். அந்தத் தாச்சியை வெளியே எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் முதல் சிக்கல் தண்ணீர். கரட்டில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டத் தண்ணீர்தான். கத்தரிக்காயிலும் வட்டக்காயிலும் அதைவிடக் கொஞ்சம் கூட. துண்டின் மேற்புறம் ஈரமாக இருக்கிறவரை அது 100 பாகைக்கு மேல் சூடேறாது, ஓவன் முள்ளை எங்கே திருப்பி வைத்தாலும். சிவந்து, அந்த வாட்டின வாசம் வரவேண்டுமென்றால் மேற்புறம் 140 பாகையையாவது தாண்ட வேண்டும். அதாவது முதலில் காயவேண்டும், பிறகுதான் சிவக்கும். ட்ரே நிறைய மரக்கறியைக் குவித்தால் அடியில் இருக்கிற துண்டு விடுகிற ஆவியை மேலே இருக்கிற துண்டு வாங்கிக்கொள்ளும். பிட்டு அவிக்கிற வேலைதான் அங்கே நடக்கிறது.

ஆகவே குறைவாகப் போடுங்கள். மேசை ஓவனோடு வருகிற ட்ரேயில் ஒருமுறைக்கு 400, 500 கிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு துண்டுக்கும் மற்றதுக்கும் இடையில் சுண்டுவிரல் போகிற இடம் இருக்கட்டும். வீட்டில் ஆட்கள் கூட என்றால் இரண்டு தரமாகப் போடுங்கள். ஒரேயடியாகப் போட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தால் நேரமும் போகும், மரக்கறியும் போகும்.

அடுத்தது, கழுவின மரக்கறியைத் துடைப்பது. கொழும்புப் புழுக்கத்தில் கழுவி வடியில் வைத்தால் அது தானாகக் காயாது, ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தாலும் ஈரம் அப்படியே இருக்கும். ஒரு பருத்தித் துணியில் போட்டு உருட்டி எடுங்கள். வெண்டிக்காய் என்றால் கழுவித் துடைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். உப்பையும் ஓவனுக்குள் வைக்கிற நேரத்தில் போடுங்கள். முன்கூட்டியே உப்புப் பிரட்டி வைத்தால் தண்ணீர் விட்டுவிடும்.

ஓவனை 200 பாகையில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, வெறும் ட்ரேயை உள்ளே வைத்து 10, 15 நிமிடம் சூடாக்குங்கள். எண்ணெய் பிரட்டின மரக்கறியைச் சூடான ட்ரேயில் கொட்டும்போது 'சர்' என்று சத்தம் வரவேண்டும். சத்தம் வராவிட்டால் இன்னும் சூடாகவில்லை. காற்றாடி உள்ள ஓவன் என்றால் 180 போதும். சின்ன ஓவன்களின் முள் சொல்கிற சூடும் உள்ளே இருக்கிற சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம், அதனால் நேரத்தைவிட நிறத்தை நம்புங்கள். மேல்கம்பி கிட்ட இருப்பதால் நடுத்தட்டில் வையுங்கள், பாதி நேரத்தில் ஒருமுறை பிரட்டிவிடுங்கள். அலுமினியத் தாளால் மூடவே வேண்டாம், ஆவி உள்ளேயே தங்கிவிடும்.

மின்சாரச் செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1500 வாட்ஸ் ஓவன் அரை மணித்தியாலம் இடைவிடாமல் எரிந்தாலும் முக்கால் யூனிட்தான். உண்மையில் சூடு பிடித்ததும் கம்பி அணைந்து அணைந்துதான் எரியும், ஆகவே அதிலும் குறைவு. முன்சூட்டையும் சேர்த்து ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் அடுத்த யூனிட் படிக்குத் தாண்டுகிற நிலையில் உள்ளவர்கள் யோசிக்கலாம், அது வேறு கதை. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இரண்டாவது அடுப்பொன்று வீட்டில் இருப்பதன் அருமை தெரியும். அந்த வருடம் மின்சாரமும்தான் மணிக்கணக்கில் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்ன மரக்கறி போடுவது? வீடியோக்களில் சுக்கினி, சிவப்பு மஞ்சள் குடைமிளகாய், ரோஸ்மேரி என்று அடுக்குவார்கள். சுக்கினி இங்கேயும் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது, ஆனால் அது தண்ணீர்க்காய். புதிதாகத் தொடங்குகிறவர் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். சந்தையில் கிடைக்கிற நுவரெலியாக் கரட்டும் வட்டக்காயும் கறிமிளகாயும் சின்ன வெங்காயமும் உள்ளியும் போதும். மூன்று நான்கு பேருக்கு நான் எடுக்கிற அளவு: கரட் 150 கிராம், வட்டக்காய் 200 கிராம், கறிமிளகாய் மூன்று நான்கு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தோலோடு உள்ளிப் பல்லு ஏழெட்டு, எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் மிளகுத்தூள்.

வட்டக்காயைப் பார்த்து வாங்குங்கள். கீற்றாக வெட்டி வைத்திருப்பதில் சதை கடும் செம்மஞ்சளாக, விரலால் அழுத்தினால் உள்வாங்காமல் இருப்பதை எடுங்கள். வெளிறின, நீர்விட்டிருக்கிற கீற்று குழம்புக்குத்தான் சரி. தோலைச் சீவ வேண்டாம். கறிக்கும் நாங்கள் தோலோடுதானே போடுகிறோம், வாட்டும்போது துண்டு உடையாமல் பிடித்து வைத்திருப்பதும் அதே தோல்தான். இரண்டு விரல் மொத்தத்துக்கு வெட்டினால் 25 நிமிடத்தில் விளிம்பெல்லாம் பழுப்பாகி, நடுவில் கரண்டி வைத்தால் மசிகிற பதத்துக்கு வரும்.

கரட் கொஞ்சம் பிடிவாதம். அதைச் சின்னவிரல் மொத்தத்துக்கு நீளமாக வெட்டுங்கள், அல்லது மற்றவற்றுக்கு ஏழெட்டு நிமிடம் முன்னதாகப் போட்டுவிடுங்கள். கறிமிளகாயைக் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குச் சேர்த்தால் போதும். உள்ளியைத் தோல் உரிக்காமல் போடுவதில் சோம்பலும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. உரித்த உள்ளி 200 பாகையில் கருகிக் கசக்கும், தோலுக்குள் இருப்பது வெண்ணெய் மாதிரி இளகிவிடும். சாப்பிடும்போது ஒரு பல்லை நசுக்கினால் தோலை விட்டு வழுக்கி வெளியே வரும். அதைப் பருப்போடு பிசைந்து பாருங்கள், கறியைத் தேட மாட்டீர்கள்.

எண்ணெய்க்கு வெள்ளைத் தேங்காய் எண்ணெய், அதாவது சுத்திகரித்தது, இந்தச் சூட்டைத் தாங்கும். நல்லெண்ணெய் அதற்கு முன்பே புகையத் தொடங்கிவிடும். அதன் வாசம் வேண்டுமென்றால் ஓவனால் எடுத்த பிறகு ஒரு தேக்கரண்டி மேலே ஊற்றுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது சிக்கல், சோற்றோடு ஒட்டாதது. மேல்நாட்டு முறையில் இதற்கு உப்பும் மிளகும்தான். இறைச்சிக்கும் கிரேவிக்கும் பக்கத்தில் வைக்க அது சரி. சிவப்பரிசிச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் இனிப்புத்தான் தூக்கி நிற்கும், ஏனென்றால் தண்ணீர் வற்ற வற்ற கரட்டிலும் வட்டக்காயிலும் உள்ள சீனி திரண்டுவிடும். எங்கள் மாமி முதல் தரம் வாயில் வைத்துவிட்டுக் கேட்டார், "உறைப்பும் இல்லை, புளியும் இல்லை, இதை எப்பிடிப் பிள்ளை சோத்தோட தின்னுறது?" நியாயமான கேள்வி.

அதற்கு விடை யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் தேசிக்காயும். ஆனால் தூளை எப்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் கறித்தூள் ஏற்கெனவே வறுத்து இடித்தது. செத்தல் மிளகாயும் வெந்தயமும் ஒருமுறை சூடு கண்டுவிட்டன. அதைத் தொடக்கத்திலேயே பிரட்டி 200 பாகையில் அரை மணித்தியாலம் விட்டால் கருகிக் கசந்துபோகும், வீடு முழுக்க மிளகாய்ப் புகை, பக்கத்து வீட்டுக்காரரும் இருமுவார். ஆகவே மரக்கறி சிவந்து வருகிறவரை உப்பும் மிளகும் மட்டும். கடைசி நாலைந்து நிமிடம் இருக்கும்போது ட்ரேயை வெளியே எடுத்து, ஒரு தேக்கரண்டி கறித்தூளை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் குழைத்து ஊற்றி, கறிவேப்பிலையும் கிள்ளிப்போட்டு, ஒரு பிரட்டுப் பிரட்டித் திரும்ப உள்ளே வையுங்கள். கறிவேப்பிலை நொறுங்கத் தொடங்கினால் எடுத்துவிடலாம். அரைத் தேசிக்காயின் புளியை ஓவனுக்கு வெளியே, பரிமாறுகிற நேரத்தில் விடுங்கள். முன்னதாக விட்டால் திரும்பவும் ஈரமாகி, இவ்வளவு பாடுபட்டதெல்லாம் வீண்.

இந்தப் பிரட்டலோடு பருப்பும் ஒரு சொதியும் இருந்தால் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு முடிந்தது. கரட்டும் வட்டக்காயும் தாமாக வாடுகிற நேரத்தில் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுக் குளித்துவிட்டும் வரலாம். வாரநாளில் எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு முக்கியமான காரணம் அதுதான்: தாச்சிக்குப் பக்கத்தில் நின்று கிளற வேண்டியதில்லை.

இதே வழியைக் கொஞ்சம் மாற்றினால், நாங்கள் எண்ணெயில் பொரிக்கிற பலவற்றுக்கும் ஓவனைப் பாவிக்கலாம். என்னைக் கேட்டால் வீட்டு ஓவனின் உண்மையான உபயோகம் இங்கேதான் இருக்கிறது. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைக்கிறவர்களுக்குத் தெரியும், கத்தரிக்காய் தாச்சியில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் குடிக்கும். அரைக் கிலோவை மஞ்சள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போட்டுப் பிரட்டி, இரண்டு தரமாக 200 பாகையில் 25, 30 நிமிடம் வாட்டிக் குழம்பில் போடுங்கள். பொரித்ததன் ருசி அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன், வராது. ஆனால் குழம்பின் மேல் எண்ணெய் மிதக்காது. கிழமை நாளுக்கு அது போதும், விசேஷத்துக்கு வேண்டுமானால் பொரியுங்கள்.

பாகற்காய்ச் சம்பலுக்கு மட்டும் எந்தக் குறையும் தெரியாது. மெல்லிய வட்டமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் எண்ணெயும் தடவி, சூட்டை 180க்கு இறக்கி, மொறுமொறுப்பாகும்வரை 25 நிமிடம் போல விடுங்கள். கடைசி ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள், பழுப்புக்கும் கருகலுக்கும் இடையில் அதிக நேரம் இல்லை. ஆறியதும் வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்துச் சாப்பிடுகிற நேரத்தில் பிசைந்தால் சரி.

வெண்டிக்காய்க்கு ஒரு வரி: காம்பை மட்டும் சீவி, முழுதாகவோ நீளவாக்கில் இரண்டாகவோ 200 பாகையில் 15, 20 நிமிடம், வழுவழுப்பு இருக்காது.

உருளைக்கிழங்கைப் பச்சையாகப் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஏழெட்டு நிமிடம் அவித்து, வடித்து, சட்டியை ஒரு குலுக்குக் குலுக்கி விளிம்புகளைக் கரடுமுரடாக்கிப் பிறகு வாட்டுங்கள். அந்தக் கரடுமுரடுதான் மொறுமொறுப்பாகும். வற்றாளைக்கிழங்குக்கு நேர் எதிர்: அதை மட்டும் ஓவனைச் சூடாக்காமல் குளிர்ந்தபடியே வைத்துத் தொடங்குங்கள். கிழங்குக்குள் சுமார் 60 பாகையைத் தாண்டும்போது மாப்பொருளை இனிப்பாக மாற்றுகிற நொதியம் மும்முரமாக வேலை செய்யும், இன்னும் சூடேறினால் அது செயலிழந்துவிடும். மெதுவாகச் சூடேற விட்டால் அதற்கு நேரம் கிடைக்கும். போஞ்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முற்றினதை விட்டுவிட்டு இளசாகப் பார்த்து எடுத்தால் 15 நிமிடத்தில் சுருங்கி வரும், ஆனால் உண்மையைச் சொன்னால் போஞ்சிக்குப் பால்கறிதான் அழகு.

மிஞ்சினதை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், திரும்ப ஆவி பிடித்து நனைந்துவிடும். தாச்சியில் எண்ணெய் விடாமல் இரண்டு நிமிடம் பிரட்டுங்கள், அல்லது சூடாக்காமலே பாணுக்குள் தேங்காய்ச் சம்பலோடு வைத்து மறுநாள் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். ஓவன் இல்லாமல் ஏர் ஃபிரையர் மட்டும் உள்ளவர்களும் இதையே செய்யலாம். அளவைப் பாதியாக்கி, 180 பாகையில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூடையைக் குலுக்குங்கள். கறித்தூளை மட்டும் அதற்குள் போடாதீர்கள், காற்றோடு பறந்து மேலே உள்ள கம்பியில் படும். வெளியே எடுத்து ஒரு கிண்ணத்தில், எண்ணெயில் ஒரு நிமிடம் சூடாக்கின தூளை விட்டுப் பிரட்டுங்கள்.