பச்சைப் புள்ளிக்குக் காவல்

கேள்வி: சிறுசேரியில் ஐ.டி. கம்பெனி வேலை. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. எந்த மூன்று நாள் என்பது நம் இஷ்டம். திங்கள், புதன், வெள்ளி போகிறேன். செங்கல்பட்டிலிருந்து ரயில், வண்டலூரில் இறங்கி கேளம்பாக்கம் வழியாக பஸ் என்று போக வர நாலு மணி நேரம். அங்கே போனால் பக்கத்து நாற்காலிகள் காலி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பெங்களூர்க்காரர்களோடு வீடியோ காலில் பேசிவிட்டுத் திரும்புகிறேன். வீட்டிலிருக்கும் நாளில், ‘சும்மாதானே உட்கார்ந்திருக்கே’ என்று மாமியார் கூப்பிடுவார். டீம்ஸில் (ஆபீஸில் எல்லோரும் பேசிக்கொள்ளும் ஆப்) நான் வேலையில் இருப்பதாகக் காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடக் கூடாதென்று நடுவில் ஓடிவந்து மவுசை அசைத்துவிட்டுப் போய்த் தாளிக்கிறேன். இந்த அப்ரைசலில் (வேலையை மதிப்பிடும் பேச்சு), ‘வேலை நன்றாகத்தான் இருக்கிறது, விசிபிலிட்டி பத்தவில்லை’, அதாவது நான் கண்ணில் படுவதில்லை என்று சொல்லிவிட்டார் மேனேஜர். தினமும் ஆபீஸ் வருகிறவருக்குப் பதவி உயர்வு. நானும் ஐந்து நாளும் போய்விடட்டுமா?
– பெயர் வேண்டாம், செங்கல்பட்டு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து நாளும் போக வேண்டாம். போகிற மூன்று நாளை மாற்றிப் பாருங்கள்.

முதலில் அந்த மவுஸ். ஐந்து நிமிடம் கையை எடுத்தால் டீம்ஸ் புள்ளி மஞ்சளாகிவிடும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். 2020 ஊரடங்கில் பதினோரு பேரை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து டீம் நடத்தியவள் நான். முதல் வாரம் புள்ளிகளைப் பார்த்தேன், மறுக்கவில்லை. அப்புறம் அதற்கெல்லாம் நேரம் ஏது? யாரிடம் எந்த வேலை மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. உங்கள் மேனேஜரும் அந்தக் கவலையில்தான் இருப்பார். கடுகு வெடிக்கும்போது ஓடிவராதீர்கள், கையில் சுட்டுக்கொள்வீர்கள்.

பதவி உயர்வு பற்றிய உங்கள் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். சீனாவில் சிட்ரிப் என்ற பயண ஏற்பாட்டுக் கம்பெனியின் கால் சென்டரில் நிக்கோலஸ் புளூம் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள், 2015இல் வெளிவந்தது. வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் 13 சதவீதம் அதிகம் வேலை செய்தார்கள். ஆனால் அதே அளவு வேலை செய்து ஆபீசில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், பதவி உயர்வில் பின்தங்கினார்கள். பிறகு அதே கம்பெனியில் 1,612 பேரை வைத்து இன்னொரு சோதனை. 2024இல் முடிவு வந்தது. இந்த முறை புதன், வெள்ளி மட்டும் வீடு. பதவி உயர்வில் வித்தியாசமே இல்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள்.

இதில் நான் பிடித்துக்கொள்வது கிழமைகளை. திங்கள், செவ்வாய், வியாழன் எல்லோரும் ஆபீசில் இருந்தார்கள். நீங்களோ காலி நாற்காலிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்கள். மேனேஜர் எந்தெந்தக் கிழமை வருகிறார் என்று அவரிடமே கேளுங்கள். உங்கள் மூன்று நாளில் இரண்டு நாளாவது அவருடைய நாட்களோடு சேரட்டும். அந்த நாட்களில் பெங்களூர் வீடியோ கால்களை முடிந்தவரை வீட்டு நாட்களுக்குத் தள்ளிவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி வையுங்கள். நாலு மணி நேரம் பயணம் செய்வது பேச்சுக்காக. எது அவசரம், எது தள்ளிப்போகும், புது வேலை யாருக்குப் போகப்போகிறது, இதெல்லாம் டீக்குப் போகிற வழியில்தான் காதில் விழும். (டீ குடிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பதவி உயர்வு வாங்கிய உங்கள் சக ஊழியருக்கு வேலையும் தெரிந்திருக்கும்.)

வீட்டு நாட்களில் உங்களுக்காகப் பேச எழுத்துதான் உண்டு. சாயங்காலம் லேப்டாப்பை மூடுமுன் குழுவில் மூன்று வரி போடுங்கள். ‘பில்லிங் பக்கத்தில் வந்த பிழை சரியாகிவிட்டது, சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். பணம் திருப்பித் தரும் விதி பற்றி பெங்களூர் பதில் வர வேண்டும். நாளை மதியத்துக்குள் வராவிட்டால் வியாழக்கிழமை ரிலீஸ் தள்ளிப்போகும்.’ இவ்வளவு போதும். ‘இன்று நாள் முழுக்க உழைத்தேன்’ என்ற வாசனையே அதில் வரக் கூடாது. மூன்றாவது வரியைத்தான் மேனேஜர் உற்றுப் பார்ப்பார், ஏனென்றால் அவருடைய மேலதிகாரி அதைத்தான் அவரிடம் கேட்பார். இந்த வரிகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அடுத்த அப்ரைசலில் ‘விசிபிலிட்டி’ என்று ஆரம்பித்தால் அதைத் திறந்து காட்டி, ‘இதில் எது உங்களுக்குத் தெரியாமல் போச்சு சார்?’ என்று கேட்கலாம். சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

மாமியார் விஷயம். அவர் காலத்தில் ஆபீஸ் என்றால் டிபன் பாக்ஸோடு வெளியே போவது. நீங்கள் நைட்டியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தால் வேலை மாதிரி அவருக்குத் தெரியாது. ‘தொந்தரவு பண்ணாதீங்க’ என்றால் சண்டைதான் வரும். மணியைச் சொல்லுங்கள்: ‘பத்திலிருந்து ஒன்று வரைக்கும் கதவு சாத்தியிருக்கும் அத்தை, ஒன்றரைக்குச் சேர்ந்து சாப்பிடலாம்.’ ஒன்றரைக்கு உண்மையாகவே வெளியே வாருங்கள். இரண்டு நாள் தவறினாலும் அந்தக் கதவுக்கு மரியாதை போய்விடும்.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்று எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். ஆனாலும் படிக்க முடிந்தது. உங்கள் கணவருக்கும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டு வேலையாமே! அவர் கதவைச் சாத்தினால் வீடே குரலைத் தாழ்த்துகிறது, சிலிண்டர்காரர் மணி அடித்தால் மட்டும் உங்களைக் கூப்பிடுகிறார்கள். அவருடைய வீட்டு நாட்கள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த சிலிண்டரை பதியும்போது, சிலிண்டர்காரர் கேட்கும் ஓ.டி.பி. உங்கள் கணவருடைய போனுக்குப் போகும்படி நம்பரை மாற்றிவிடுங்கள்.