குழந்தைகளோடு ட்ராவ் ஆற்றங்கரையில் ஒரு வாரம்: ஆல்ப்ஸ் சைக்கிள் பாதை நமக்கு ஒத்துவருமா?

கேள்வி: நாங்கள் முனிச்சில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, தன் சைக்கிளை நன்றாக ஓட்டுவாள். மகனுக்கு 4 வயது. மனைவி சைக்கிளைத் தொட்டுப் பத்து வருடம் ஆகிறது. கோடை விடுமுறையில் ஒரு வாரம் ட்ராவ் ஆற்றுப் பாதையில் ஓட்டலாம் என்று ஆசை. எல்லோரும் சுலபம் என்கிறார்கள். எங்களுக்குச் சரிப்படுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாகச் சரிப்படும். சின்னக் குழந்தைகளோடு ஆல்ப்ஸில் எங்கே ஓட்டலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பாதையே இதுதான். இத்தாலியின் தென் டிரோலில் டோப்லாக் ஊருக்குப் பக்கத்தில் ட்ராவ் பிறக்கிறது. அங்கிருந்து எல்லை தாண்டி, ஆஸ்திரியாவின் லியன்ஸ், ஸ்பிட்டால், ஃபில்லாக் வழியாக ஆற்றோடு சேர்ந்தே பாதையும் போகிறது. ஃபில்லாக் வரை சுமார் 150 கி.மீ. கூடவே ரயில் தண்டவாளமும் வருகிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை. யாருக்காவது கால் வலித்தால், வானம் இருட்டினால், அடுத்த ஸ்டேஷனில் ஏறிக்கொள்ளலாம்.

"சுலபம்" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். டோப்லாக் 1,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, லியன்ஸ் 673 மீட்டரில். ஆக 45 கி.மீ. தூரத்தில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் இறக்கம். அதிலும் பெரும்பகுதி சில்லியான் ஊரைத் தாண்டிய பிறகுதான் வருகிறது. லியன்ஸுக்குக் கீழே கதை வேறு. ஃபில்லாக் வரை நூறு கி.மீ. சொச்சத்துக்கு 170 மீட்டர்தான் இறங்குகிறது, கிட்டத்தட்ட சமதளம். எனவே பெரியவர்களின் மூச்சைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கவனமெல்லாம் முதல் நாள் உங்கள் மகளின் பிரேக்கில் இருக்கட்டும்.

அவளுடைய சைக்கிளைத் திருப்பிப் போட்டு இன்றைக்கே பாருங்கள். ஜெர்மனியில் விற்கும் குழந்தைகள் சைக்கிள் பலவற்றில், பெடலைப் பின்பக்கம் மிதித்தால் நிற்கும் பிரேக் இருக்கும். நீண்ட இறக்கத்தில் அதையே மிதித்துக்கொண்டு வந்தால் பின்சக்கரத்தின் நடுப்பகுதி கொதிக்கும், பிடிப்பும் குறையும். கைப்பிரேக் இரண்டும் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். கைப்பிடியிலிருந்து பிரேக் எட்டாத தூரத்தில் இருந்தால் அதிலுள்ள சின்னத் திருகைத் திருப்பி, அவள் விரல் வளைத்துப் பிடிக்கும் அளவுக்கு உள்ளே கொண்டுவரலாம். அப்புறம் பழக்கம்: இறுக்கிப் பிடித்தபடியே வரக் கூடாது. பிடி, விடு, பிடி, விடு. வீட்டுப் பக்கத்து மேட்டில் நாலு தடவை செய்துவிட்டால் கைக்குப் படிந்துவிடும்.

மகனுக்கு மடக்கக்கூடிய ட்ரெய்லர்தான் நல்லது. பாதி வழியில் தூங்கிவிடுவான், தூங்கட்டும். ட்ரெய்லர் இழுப்பவர் இறக்கத்தில் அது பின்னாலிருந்து தள்ளுவதை உணர்வார், அதனால் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், ட்ரெய்லரில் உட்கார்ந்திருந்தாலும்கூட.

இனி எங்கே தொடங்குவது. பெரும்பாலானோர் டோப்லாக்கிலோ அடுத்துள்ள இன்னிஹனிலோ தங்கி, காலையில் லியன்ஸுக்கு ஓட்டிவிட்டு, மாலை ரயிலில் மேலே திரும்புகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்த மாலை ரயிலுக்காக லியன்ஸ் நடைமேடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பதினொரு மணிக்குக் கிளம்பினோம், மதியத்துக்குமேல் எதிர்க்காற்று. வெயிலில் மலைச்சரிவு சூடானதும் காற்று பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே வீசத் தொடங்கும், இறங்கி வருகிறவர்களுக்கு அது நேர் முகத்தில் அடிக்கும். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பிள்ளைகளை விரட்டிக்கொண்டே வந்ததுதான் மிச்சம்.

நீங்கள் லியன்ஸில் மூன்று இரவு தங்குங்கள். காலை முதல் ரயில்களில் ஒன்றில் மேலே போய், மூட்டைமுடிச்சு இல்லாமல் இறங்கி வாருங்கள். உங்கள் அறையே போய்ச் சேருமிடமாக இருக்கும்போது எந்த ரயிலையும் பிடிக்க வேண்டாம், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. 45 கி.மீ. அதிகம் என்று தோன்றினால் சில்லியானிலேயே ரயிலைவிட்டு இறங்கி, அங்கிருந்து முப்பது கி.மீ. மட்டும் ஓட்டுங்கள். ஆனால் முடிந்தால் டோப்லாக் வரை போங்கள் என்பேன். அங்கே ட்ராவ் ஒரு வாய்க்கால் அளவுதான், உங்கள் மகள் தாண்டிவிடுவாள். அந்தத் தண்ணீர் டான்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போகிறது. அதே டோப்லாக் வெளியின் மறுபக்கம் ஓடும் ரியன்ஸ் ஆற்றின் தண்ணீர் ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. மேட்டுநிலம் என்றே தெரியாத ஒரு புல்வெளி இரண்டு கடல்களுக்கான தண்ணீரைப் பிரித்து அனுப்புகிறது என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாழ்நாளுக்கும் மறக்காது.

வழியில் ஹைன்ஃபெல்ஸில் லோக்கர் வேஃபர் தொழிற்சாலையும் கடையும் இருக்கின்றன. அங்கே நிற்காமல் எந்தக் குழந்தையையும் தாண்டிக் கூட்டிப்போக முடியாது, நேரம் ஒதுக்கிவிடுங்கள். லியன்ஸை ஒட்டி கலிட்ஸன் என்ற குறுகிய மலைஇடுக்கு உண்டு, பலகைப் பாதையில் நடந்து அருவியைப் பார்க்கலாம். இரண்டாம் நாளை அதற்கு வைத்துக்கொண்டு கால்களுக்கு ஓய்வு கொடுங்கள்.

பிறகு ஓபர்ட்ராவ்புர்க் தாண்டி கிரைஃபன்புர்க், அடுத்து ஸ்பிட்டால், கடைசியாக ஃபில்லாக். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கி.மீ. போதும். உங்கள் மனைவிக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கூட்டம் குறைவு, ஆறு அகலமாகிப் பச்சையாக ஓடும். பாதை பெரும்பாலும் தார், இடையிடையே சரளை. ஃபில்லாக்கிலிருந்து லியன்ஸுக்கு ரயிலில் திரும்பிவிடலாம்.

மாதம் என்று கேட்டால், செப்டம்பர் முதல் வாரம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி இத்தாலியே விடுமுறையில் இருக்கும், அப்போது போகாதீர்கள். செப்டம்பரில் அந்தக் கூட்டம் வடிந்திருக்கும், பவேரியப் பள்ளிகள் இன்னும் திறந்திருக்காது. மதிய இடிமழையும் குறையத் தொடங்கும்.

சாப்பாடு: சைவம் என்றால் டிரோலில் ஷ்லுட்ஸ்கிராப்ஃபன் கேளுங்கள். நம் சோமாசி வடிவில், கீரையும் மென்மையான பாலாடைக்கட்டியும் வைத்து வேகவைத்தது. கரிந்தியா மாநிலத்துக்குள் நுழைந்ததும் அதே வேலையைக் காஸ்நூடல் செய்யும். மேலே ஊற்றும் நெய்யில் பன்றி இறைச்சித் துண்டு இல்லாமல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிராமத்து விடுதிகளில் மதியம் இரண்டு மணிக்குமேல் அடுப்பு அணைந்திருக்கலாம். ஆஸ்திரியாவில் ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டும் பூட்டித்தான் இருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, பழம், பால் வாங்கி ட்ரெய்லரின் பின்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லை தாண்டுவதால் நால்வரின் பாஸ்போர்ட்டும் அதே பையில் இருக்கட்டும்.