வெள்ளை நாயும் ஆச்சி கண்ணு லென்ஸும்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

சொந்த ஊர் கடையம் பக்கம், இப்போ பெங்களூர்ல ஐடி வேலை. பேர் போடாதீங்க ப்ளீஸ். கல்யாணம் ஆகி ஆறு வருஷம், மனைவி என் அத்தை பொண்ணு. நாங்க ரெண்டு பேருமே தலசீமியாங்குற ரத்த நோயோட கேரியர், அதாவது நோய் இல்லாம அந்த ஜீனை மட்டும் சுமக்குறவங்கன்னு போன வருஷம்தான் தெரிஞ்சது. பொறக்குற குழந்தைக்கு நோய் வர்றதுக்கு நாலுல ஒரு சான்ஸ்னு டாக்டர் சொன்னாங்க. அதனால ஐவிஎஃப் பண்ணி, கருவை டெஸ்ட் பண்ணி, நோய் இல்லாததை மட்டும் வைக்கலாம்னு முடிவு பண்ணிருக்கோம். இதுவரைக்கும் குழப்பம் இல்லை.

அமெரிக்காவுல இருக்குற ஃப்ரெண்ட் ஒருத்தன், அங்க சில கம்பெனிங்க கருவோட டிஎன்ஏவை வச்சு உயரம், அறிவு, சுகர் வர்ற வாய்ப்பு எல்லாத்துக்கும் மார்க் போட்டுக் குடுக்குது, டேட்டாவை அனுப்பினா போதும்ங்கிறான். எப்படியும் டெஸ்ட் பண்ணத்தானே போறோம், கூட ஒரு ரிப்போர்ட் வாங்கினா என்ன? ஒண்ணு சரின்னா இன்னொண்ணு எப்படித் தப்பாகும்? பரிணாமம் கண்ணை மூடிக்கிட்டு லட்சக்கணக்கான வருஷமா உருட்டின தாயத்தை இப்போ நாம கையில எடுக்குறோம், அவ்வளவுதானே. நாம எடுக்கலைன்னா வேற ஊர்க்காரன் எடுப்பான், அவன் புள்ள கூட என் புள்ள போட்டி போடணும். உங்க புள்ளைன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? மழுப்பாம சொல்லுங்க.

கடையத்துக்காரன்

தம்பிக்கு,

பதில் போட மூணு வாரம் ஆயிட்டு. பிசான நடவு, ஆள் கெடைக்காம நானே வரப்புல நின்னு கத்திக்கிட்டு கெடந்தேன், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மழுப்பாம சொல்லுங்கன்னு நீங்க எழுதியிருந்தது உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா மொதல்ல நான் எழுதி வச்சிருந்தது பூராவும் மழுப்பல்தான். அதை அழிச்சுட்டு இதை எழுதுதேன்.

தலசீமியா விஷயத்துல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல, செய்யுங்க. ரெண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒருதரம் ரத்தம் ஏத்திக்கிட்டு, ஏத்தின ரத்தத்தால ஒடம்புல சேருத இரும்பை எடுக்க தனியா மருந்து சாப்பிட்டுக்கிட்டு ஒரு புள்ள வளரணும்னா லேசா? அதைத் தவிர்க்கது பேராசை இல்ல. ஆனா உங்கள மாதிரி கேரியரா மட்டும் இருக்க கரு கெடைச்சா அதை மட்டம்னு தள்ளிராதீங்க. அந்த ஜீன் மாற்றம் நம்ம ஆளுககிட்ட இவ்வளவு பரவிக் கெடக்கதுக்குக் காரணமே மலேரியாதான். அப்பா அம்மாவுல ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் அது வந்தவன் காய்ச்சல்ல தப்பிச்சான், ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்த புள்ள செத்துது. மலையடிவாரத்துல உங்க பூட்டன் ஒருத்தன் பொழைக்க வாங்கின கடன் அது, இப்ப உங்க கைக்கு நோட்டீஸ் வந்திருக்கு.

இயற்கை செயற்கைன்னு பேசுத ஆளு நான் இல்ல. எங்க ஆச்சிக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. தொண்ணூறுகள்ல ஒரு கேம்ப்ல கூட்டிட்டுப் போயி ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வச்சாங்க. அதுக்கு முந்தி ஆபரேஷன் பண்ணினவங்க எல்லாம் சோடாப்புட்டி கண்ணாடி போட்டுக்கிட்டு தடவித்தடவி நடப்பாங்க. ஆச்சி கட்டு பிரிச்சு வீட்டுக்கு வந்து மொத வேலையா என்ன செஞ்சா தெரியுமா, அடுக்களை சுவரைப் பாத்து, இவ்வளவு கரியா இருக்கு, இதைத் தொடைக்க ஒருத்திக்கும் கை வரலயான்னு எங்க அம்மையை ஏசினா. பொறவு அவ சேலையைப் பாத்தா, பச்சைன்னு பத்து வருஷமா கட்டிக்கிட்டு இருந்தது நீலம். புரை விழுந்த கண்ணு மஞ்சளடிச்சு நீலத்தை முழுங்கிருமாம்.

அந்த லென்ஸ் வந்த கதையும் விசித்திரம். லண்டன்ல ஹரால்ட் ரிட்லின்னு ஒரு கண் டாக்டர், ரெண்டாம் உலகப்போர்ல அடிபட்டு வந்த விமானிங்க கண்ணுக்குள்ள விமானக் கூண்டோட அக்ரிலிக் சில்லு குத்திக் கெடந்தும் கண்ணு அதைச் சீண்டாம விட்டுட்டதைக் கவனிச்சு, 1949ல அதே மாதிரிப் பொருள்ல லென்ஸ் செஞ்சு வச்சுப் பாத்தாரு. அப்பம் பெரிய டாக்டருங்க எல்லாம் எதிர்த்தாங்க, கண்ணுக்குள்ள பிளாஸ்டிக்கான்னு. வெளிநாட்டு லென்ஸ் ஒண்ணு நூறு டாலர்னு வித்துக்கிட்டு இருந்த காலத்துல, 1992ல மதுரையில ஆரோலேப்னு லென்ஸ் செய்யுத கம்பெனி ஆரம்பிச்சு அதுல பத்துல ஒரு பங்கு வெலைக்குக் கொண்டு வந்தாங்க. அதனாலதான் அது எங்க ஆச்சி வரைக்கும் வந்துது. ஆச்சி காலமாயிட்டா, லென்ஸும் அவகூடயே சிந்துபூந்துறையில எரிஞ்சு போச்சு. எனக்கு வரல, என் மகளுக்கு வரல. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

அதே மாதிரி, வளந்த ஆளோட ரத்தத்தை உண்டாக்குத ஸ்டெம் செல்லை வெளிய எடுத்து, கிரிஸ்பர்ங்குத ஜீன் கத்தரியால அதோட டிஎன்ஏவை வெட்டி, திரும்ப ஏத்துத சிகிச்சையை 2023 நவம்பர்ல பிரிட்டன்ல அனுமதிச்சாங்க, உங்க தலசீமியாவுக்கும் சேத்துத்தான். அமெரிக்காவுல அதுக்கு வச்ச வெல 22 லட்சம் டாலர். வெல அநியாயம், ஆனா அதுவும் ஆச்சி லென்ஸ் ஜாதிதான், வாங்கினவன் ஒடம்போட முடிஞ்சிரும்.

இப்ப நாய்க்கதைக்கு வாரேன். சங்கரன்கோவிலுக்கு வடக்க போனா ராஜபாளையம், நாய் உங்களுக்கே தெரியும், பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, நடந்தா குதிரை மாதிரி இருக்கும். எங்க பெரியப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. குட்டிக்கு பேர் வச்சு ஒரு மாசம் கூப்பிடுதாரு, திரும்பல. திமிரு புடிச்ச நாய்னு அடிச்சாரு கூட. கடைசியில ஒருநாள் தீவாளிக்கு பக்கத்துல சரவெடி வெடிக்கு, அது பாட்டுக்கு தூங்குது. காது கேக்காது. ராஜபாளையம் நாய்ல இது அடிக்கடி உண்டு. தோலுக்கு நெறம் குடுக்க அந்த நிறமி செல்லுதான் காதுக்குள்ள நத்தைக்கூடு மாதிரி இருக்க உறுப்புலயும் வேலை பாக்கு, அது இல்லைன்னா அங்க நடக்க வேண்டியது நடக்காது. தலைமுறை தலைமுறையா வெள்ளையா இருக்கதை மட்டும் வச்சுக்கிட்டு, நெறம் விழுந்த குட்டியை ஒதுக்கி ஒதுக்கி வளத்தாங்க பாருங்க, வெள்ளையைத் தேர்ந்தெடுத்தோம்னு நெனச்சாங்க, செவிடையும் சேத்துத் தேர்ந்தெடுத்திருக்காங்க. இத்தனைக்கும் அவங்க கெட்டவங்க இல்ல, நாய் மேல உசுரா இருந்தவங்க.

மனுஷன்கிட்டயும் இது நடந்தாச்சு. 2018 நவம்பர்ல சீனாவுல ஹே ஜியான்குயின்னு ஒரு விஞ்ஞானி, ரெட்டைப் பொண் கொழந்தைங்களோட கருவுல சிசிஆர்5ங்குத ஜீனை வெட்டினேன், எய்ட்ஸ் கிருமி அண்டாதுன்னு அறிவிச்சாரு. அவரு நெனச்ச மாற்றம் அப்படியே விழல, வேற ஏதோ விழுந்துச்சு. அதோட அந்த ஜீன் வேலை செய்யாதவங்களுக்கு வெஸ்ட் நைல் காய்ச்சல் வந்தா கூடுதலா படுத்தும்னு முன்னாடியே தெரிஞ்ச சேதிதான். அவரை மூணு வருஷம் உள்ள போட்டாங்க, வெளியயும் வந்துட்டாரு. அந்தப் புள்ளைங்களுக்கு நாளைக்குப் புள்ள பொறந்தா அதுக்கும் அந்த மாற்றம் போகலாம். ஆச்சி லென்ஸ் எரிஞ்சு போச்சு, இது எரியாது.

நாங்க ஜீனை வெட்டப் போறதில்ல, கருவைப் பொறுக்கத்தானே போறோம்னு சொல்லுவீங்க. சரி, எதை வச்சுப் பொறுக்கப் போறீங்கன்னு பாப்போம். 2019ல இதே விஷயத்தை ஒரு ஆய்வுல கணக்குப் போட்டுப் பாத்திருக்காங்க. பத்து கருவுல மார்க் அதிகமா இருக்கதை எடுத்தாலும், சராசரியை விட எதிர்பாக்க லாபம் உயரத்துல 2.5 செ.மீ, ஐக்யூல 2.5 புள்ளி. ஏற்கனவே வளந்த புள்ளைங்க நெறைய இருந்த 28 பெரிய குடும்பங்களைப் பாத்தா, மார்க்குல மொதல்ல வந்தவன் நெசமாவே உயரத்துல மொதல்ல இருந்தது ஏழே குடும்பத்துல. அதுவும் இந்த மார்க் எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியர் டிஎன்ஏவை வச்சுப் போட்ட மார்க், கடையத்து ரத்தத்துக்கு இன்னும் தப்பும். ரெண்டரை புள்ளி! ராத்திரி சரியாத் தூங்கலைன்னா அதை விடக் கொறையும்னு நெனைக்கேன். சவத்த விடுங்க.

அப்பறம் இன்னொண்ணு, உங்க ஃப்ரெண்ட் சொல்லல போல. 2021ல செயற்கைக் கருத்தரிப்புக்குன்னு வந்த ஏஆர்டி சட்டப்படி இங்க கருவை டெஸ்ட் பண்ணுதது தெரிஞ்ச பரம்பரை நோயைக் கண்டுபிடிக்க மட்டும்தான். அறிவுக்கு மார்க் போட இல்ல. கேட்டுட்டுச் செய்யுங்க.

ஆனா சட்டத்தைக் காட்டித் தப்பிக்கப் பாக்கல. மார்க் நாளைக்கு ரொம்பத் துல்லியமா ஆயிரும்னே வச்சுக்குவோம், அப்பமும் எனக்குப் பயம் மெஷின் மேல இல்ல, நம்ம ருசி மேல. நமக்கு ஒரே ஒரு விஷயத்துல பொறுக்குத வசதி கெடைச்சுது, ஆணா பொண்ணா. என்ன செஞ்சோம்? ஆறு வயசு வரைக்கும் ஆயிரம் ஆம்பளப் புள்ளைக்கு எத்தனை பொம்பளப் புள்ளன்னு பாத்தா, நாடு முழுக்க 1991ல 945, 2001ல 927. நடுவுல 1994ல, கருவுல ஆணா பொண்ணான்னு பாக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தும் இந்தக் கதி. படிச்சவன் படிக்காதவன், பணம் உள்ளவன் இல்லாதவன்னு எல்லாரும் கூடித்தான் செஞ்சோம். உயரத்துக்கும் அறிவுக்கும் பட்டன் குடுத்தா, அடுத்த பட்டன் எதுக்குக் கேப்பாங்கன்னு நெனைக்கீங்க? வயித்துப் புள்ள செவப்பா பொறக்கணும்னு குங்குமப்பூ வாங்கிக் குடிக்க ஊரு இது. ராஜபாளையம் நாய்க்குப் புடிச்ச அதே வெள்ளை.

பரிணாமம் உருட்டின தாயத்தை இப்பத்தான் கையில எடுக்கோம்னு எழுதியிருக்கீங்க, அங்கதான் எனக்கு ஒத்து வரல. தாயம் எப்பமோ நம்ம கைக்கு வந்துட்டு. 2013ல மரபணு விஞ்ஞானிங்க, ஹைதராபாத்ல தங்கராஜும் லால்ஜி சிங்கும், ஹார்வர்டுல டேவிட் ரைக்கும், இன்னும் சில பேரும் சேந்து சொன்னாங்க, சுமார் 4,200 வருஷத்துல இருந்து 1,900 வருஷத்துக்கு முந்தி வரைக்கும் இந்த நாட்டுல எல்லாரும் எல்லார் கூடயும் கலந்திருக்காங்க, பொறவு கதவை அடைச்சிட்டாங்கன்னு. அடைச்ச கதவுக்குள்ளயே பொண்ணெடுத்து பொண்ணு குடுத்து வந்ததுல, ஒரு வணிகச் சமூகத்துல ஆபரேஷனுக்குக் குடுக்க, தசையைத் தளர்த்துத ஒரு மருந்து ஒடம்பை விட்டு சீக்கிரம் இறங்காத பரம்பரைக் கோளாறு அதிகமா இருக்குன்னு மயக்க மருந்து டாக்டர்களுக்கே தெரியும். நம்மளை நாமளே நாய் வளத்த மாதிரித்தான் வளத்திருக்கோம் தம்பி. அத்தை பொண்ணைக் கெட்டினதைக் குத்திக் காட்டுதேன்னு நெனைக்காதீங்க, நான் கெட்டினது மாமா மகளை.

போட்டின்னு சொன்னீங்கள்லா. ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதியில நின்னுருக்கீங்களா? முன்னால நிக்கவன் புள்ளையைத் தோள்ல தூக்கிருவான், உடனே பின்னால இருக்கவனும் தூக்கணும், அஞ்சு நிமிஷத்துல அத்தனை புள்ளையும் தோள் மேல, அத்தனை தகப்பனுக்கும் கழுத்து வலி, தேர் மட்டும் முன்ன தெரிஞ்ச அளவுக்குத்தான் தெரியும். பார்வை அப்படி இல்ல, ஆச்சிக்குக் கண்ணு தெரிஞ்சதுனால பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ஒண்ணும் கொறையல. எல்லாருக்கும் கெடைச்சாலும் நல்லா இருக்கதும், மத்தவனுக்குக் கெடைக்காட்டித்தான் நல்லா இருக்கதும் ஒண்ணா?

சரி, என் புள்ளைன்னா? மழுப்பாம சொல்லுதேன், டிக் அடிச்சிருப்பேன். உயரத்துக்கு.

என் மக குட்டை. பதினோரு வயசுல அவ கிளாஸ்ல அவதான் கடைசி, அதாவது லைன்ல மொத ஆளு. அப்பம் எங்கயோ வாசிச்சேன், அமெரிக்காவுல 2003ல நோய் எதுவும் இல்லாம வெறும் குட்டையா இருக்க புள்ளைங்களுக்கும் வளர்ச்சி ஹார்மோன் ஊசியை அனுமதிச்சிருக்காங்கன்னு. வருஷக்கணக்கா நித்தம் ஒரு ஊசி, கெடைக்கது கொஞ்சம் சென்டிமீட்டர். நெலத்துல ஒரு துண்டை வித்துரலாமான்னு வரைக்கும் யோசிச்சேன், வீட்டுக்காரிக்குத் தெரியாம டாக்டர்கிட்ட பேசவும் செஞ்சேன். வீட்டுக்கு வந்து மககிட்ட சொன்னேன். எத்தனை ஊசின்னு கேட்டா. சொன்னேன். நீங்க போட்டுக்கோங்கன்னுட்டு விளையாடப் போயிட்டா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

இன்னைக்கு அவ வள்ளியூர் பக்கம் கரண்டு எடுக்க காத்தாடி கம்பெனியில இன்ஜினியர், ஏணியில ஏறி உச்சியில மெஷின் இருக்க பொட்டிக்குள்ள நெட்டையனுக எல்லாம் தலையை இடிச்சுக்கிட்டு நிக்க எடத்துல இவ புகுந்து போயிருதா. குட்டையா இருந்தது நல்லதாப் போச்சுன்னு கதையை முடிக்க நான் தயாரில்ல, பஸ்ல மேல்கம்பி எட்டாது, பொண்ணு பாக்க வந்த ஒருத்தன் வாய்விட்டே சொல்லிட்டுப் போனான், அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடல. பதினோரு வயசுல அவளால மாட்டேன்னு சொல்ல முடிஞ்சுது, அவ்வளவுதான் நான் சொல்ல வாரது. தலசீமியா வேணுமான்னு எந்தப் புள்ளையைக் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லும், கேக்காமலே உங்களுக்குத் தெரியும். மத்ததை எல்லாம் கேக்கணும், கேக்க அங்க ஆள் இல்ல.

நேத்து போன்ல அவகிட்ட உங்க கடிதத்தை வாசிச்சுக் காட்டினேன், பேர் சொல்லல. முழுசும் கேட்டுட்டு, அந்த அண்ணன் எவ்வளவு உயரம்னு கேளுங்கப்பான்னா. நான் கேக்கல. சொல்லணும்னு தோணினா நீங்களே எழுதுங்க.