விளையாட்டுப் பயிற்சியில் 'கவனக் கடமை' என்றால் என்ன?

அடிபடலாம் என்று தெரிந்த இடத்தில், பொறுப்புள்ள யாரும் எடுக்கும் முன்னெச்சரிக்கையை எடுத்தே ஆகவேண்டும் என்பதுதான் கவனக் கடமை. பயிற்சியாளர் சொல்லை நம்பித்தான் பிள்ளைகள் களத்தில் இறங்குகிறார்கள். அதனால் பொறுப்பும் அவர் தலையில்.

தர்மபுரியில் ஒரு கபடி ஆட்டம் என்று வையுங்கள். தலை மோதிய பையன் எழுந்து தள்ளாடுகிறான், ஸ்கோர் கேட்டால் முழிக்கிறான். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் இருந்தால் உடனே 108. மறுபடி இறங்க டாக்டர் அனுமதி வேண்டும். பயிற்சியாளரே வலி ஊசி போடுவதெல்லாம் வரம்பு மீறல்.

அடிபட்ட பையனை மறுபடி ஆடவிடுவது, பிரேக் சரியில்லாத லாரியைத் தொப்பூர் கணவாயில் இறக்குவது மாதிரிதான். ஓனர் அவசரப்படுத்தினார் என்பது டிரைவருக்குச் சாக்காகாது.

"பெற்றோர் கையெழுத்து வாங்கிட்டோமே" என்பார்கள். அந்தத் தாள் ஆட்டத்தில் இயல்பாக வரும் அடிக்குத்தான், அலட்சியத்துக்கு இல்லை.