பதினோரு மாதம், இன்னும் பொக்கை வாய்

வணக்கம் டாக்டர். நாங்கள் கொளத்தூரில் இருக்கிறோம். என் மகளுக்குப் பதினோரு மாதம் ஆகிறது, ஒரு பல்கூட முளைக்கவில்லை (35 வாரத்திலேயே பிறந்துவிட்டாள்). தவழ்கிறாள், சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எதிர் வீட்டுக் குழந்தைக்கு ஏழு மாதத்திலேயே நாலு பல். பார்க்கிறவர்கள் எல்லாம் "கால்சியம் கம்மியா இருக்கும்" என்கிறார்கள். மருந்துக்கடையில் கால்சியம் சிரப்பும் ஈறில் தடவ ஒரு ஜெல்லும் கொடுத்திருக்கிறார்கள். மாமியார், "பல்லு வரட்டும், அப்புறம் சாதம் கொடுக்கலாம், அதுவரைக்கும் பாலும் கேழ்வரகுக் கூழும் போதும்" என்கிறார். என் கணவருக்கும் ஆண்டு நிறைவு முடிந்துதான் பல் வந்ததாம். மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் பயப்பட வேண்டுமா?
— ஒரு வாசகி, கொளத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, 35 வாரம் என்று, பாதி பதில் அதில் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பல் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து போடக் கூடாது. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து போட வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் மகளுக்கு இன்னும் பத்து மாதமே நிறையவில்லை. மீதிப் பாதி பதிலை உங்கள் மாமியாரே சொல்லிவிட்டார். பல் முளைக்கும் காலம் பெரும்பாலும் பரம்பரை வழி வருவது. அப்பாவுக்குத் தாமதம் என்றால் மகளுக்கும் தாமதமாவதில் வியப்பில்லை.

முதல் பல் சராசரியாக ஆறாம் மாதத்தையொட்டி வரும். சராசரி என்றால் அதற்கு முன்னும் பின்னும் நிறையக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றுதான் பொருள். நாலு மாதத்தில் கடிக்க ஆரம்பிப்பவர்களும் உண்டு, முதல் பிறந்தநாள் கேக்கைப் பொக்கை வாயோடு சப்புபவர்களும் உண்டு. எதிர் வீட்டுக் குழந்தை உங்கள் மகளைவிட ஆரோக்கியம் என்று அந்த நாலு பல்லை வைத்து யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கால்சியம் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். பால் பல்லுக்கான முளை கர்ப்பத்தின் ஆறாவது வார வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. நாலாம் மாதத்தில் அதில் சுண்ணாம்புச் சத்து படிய ஆரம்பிக்கும். குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் முன்பற்களின் வெளியே தெரியும் பகுதி முழுதாக உருவாகி ஈறுக்குள் உட்கார்ந்திருக்கும். வீடு கட்டி முடிந்தாயிற்று, கிரகப்பிரவேசம்தான் தள்ளிப்போகிறது. அதற்கு இன்னும் நாலு மூட்டை சிமென்ட் வாங்குவானேன்? பாலும் கூழும் சாப்பிடுகிற குழந்தைக்குக் கால்சியம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. குழந்தை டாக்டர் எழுதித் தராத சிரப்பை நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது டி விட்டமின் சொட்டு மருந்தைப் பற்றி. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. சென்னையில் வெயிலுக்கா பஞ்சம் என்பீர்கள். அடுக்குமாடி வீட்டுக்குள் வளரும் குழந்தையின் தோலில் அந்த வெயில் எங்கே படுகிறது? முதல் வருடம் முழுக்க தினமும் 400 யூனிட் கொடுக்க வேண்டும் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. ஒரு எச்சரிக்கை: ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. லேபிளைப் படித்துவிட்டு அளவெடுங்கள்.

அந்த ஜெல்லையும் தூக்கிப் போடுங்கள். ஈறை மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் உள்ளவற்றை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் கண்டிப்பாகச் சொன்னது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடக்கூடும். அதே மாதிரி மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனும் குழந்தை வாய்க்கு ஆகாது. தவிர, எந்த ஜெல்லும் பல்லை வெளியே இழுத்து வராது.

இப்போது சாதத்துக்கு வருவோம். பல் தாமதமாவதால் குழந்தைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. பல்லைக் காரணம் காட்டிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால்தான் நஷ்டம். ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் மட்டும் போதாது, முக்கியமாக இரும்புச்சத்து. குறைமாதக் குழந்தைக்கு அந்தச் சேமிப்பு பிறக்கும்போதே குறைவு. முன்பல் கடிப்பதற்குத்தான், அரைக்கும் கடைவாய்ப் பல் எதிர் வீட்டுக் குழந்தைக்கும் இன்னும் வந்திருக்காது. எல்லாக் குழந்தைகளும் இந்த வயதில் ஈறால்தான் மெல்லுகின்றன. உங்கள் விரலைக் கொடுத்துப் பாருங்கள், அந்த ஈறின் அழுத்தம் தெரியும். குழைந்த சாதமும் பருப்பும் நெய்யும், இட்லி, இடியாப்பம், வேகவைத்துப் பிசைந்த பூசணி, முட்டை, அசைவம் உண்டென்றால் முள் நீக்கிய மீன் எல்லாம் கொடுக்கலாம். மிக்ஸியில் அடித்துக் கூழாக்க வேண்டாம், கையால் மசித்தால் போதும். கட்டியான உணவே பார்க்காமல் வளரும் குழந்தைதான் பின்னால் எதைக் கொடுத்தாலும் துப்பும். மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவர் முன்னாலேயே ஒரு விள்ளல் இட்லியை ஊட்டிக் காட்டுங்கள்.

எப்போது காட்ட வேண்டும்? பல் தாமதத்தோடு வேறு ஏதாவது சேர்ந்து வந்தால் உடனே: எடையும் உயரமும் ஏறவில்லை, எந்நேரமும் மந்தமாக இருக்கிறாள், மலச்சிக்கலும் வறண்ட தோலும் இருக்கின்றன என்றால் தைராய்டு பார்க்க வேண்டும். மணிக்கட்டு தடித்து, கால் வளைந்து, உச்சிக்குழி மூடாமலேயே இருந்தால் டி விட்டமின் குறைவாக இருக்கலாம். அரிதாக இன்னொன்று உண்டு. கத்திரி வெயிலில் எல்லோரும் நனைந்து கிடக்கும்போது குழந்தைக்கு மட்டும் வியர்க்காது, உடம்பு கொதிக்கும், தலைமுடி பஞ்சுபோல் சில இழைகளே இருக்கும். தோல், முடி, வியர்வைச் சுரப்பி, பல் எல்லாம் கருவில் ஒரே அடுக்கிலிருந்து உருவாவதால் எல்லாவற்றையும் சேர்த்துப் பாதிக்கும் பரம்பரைக் கோளாறு அது. தவழ்ந்து, பிடித்து நிற்கிற உங்கள் மகளைப் பற்றி எழுதியதில் இதில் எதுவும் இல்லை. வேறு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், ஒன்றரை வயதிலும் ஒரு பல்கூட இல்லை என்றால் குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலேயே அதற்கென்று தனித் துறை இருக்கிறது.

தாய்மாமனைப் பற்றி: பெரும்பாலான குழந்தைகளுக்குக் கீழ் முன்பல் முதலில் வரும், சிலருக்கு மேல் பல் முந்தும். உங்கள் அண்ணனோ தம்பியோ நிம்மதியாகத் தூங்கலாம். இலங்கைத் தமிழர் வீடுகளில் முதல் பல் வந்ததும் கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலைமேல் கொட்டிக் கொண்டாடுவார்கள். எந்தப் பல் முதலில் வந்தாலும் நீங்களும் அப்படிக் கொண்டாடலாம்.

பல் எட்டிப் பார்த்த அன்றிலிருந்தே காலையும் இரவும் சின்ன பிரஷ்ஷில் ஒரு அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் வைத்துத் துலக்கிவிடுங்கள். புட்டிப்பால் பழக்கம் இருந்தால், புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள்.