பீனிசம் போய்விட்டது, காது மட்டும் இன்னும் திறக்கவில்லை

கேள்வி: எனக்கு 41 வயது. நிலாவெளியில் இருந்து புறாமலைக்குச் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்வது என் தொழில். பவளப்பாறை காட்டும்போது நானும் அவர்களோடு தண்ணீருக்குள் இறங்குவேன். நான்கு வாரத்துக்கு முன் கடும் தடிமன் பிடித்து, அது பீனிசமாகி, முகமெல்லாம் வலித்தது. மருந்து எடுத்ததில் வலியும் காய்ச்சலும் போய்விட்டன. ஆனால் வலது காது அடைத்தது அடைத்தபடியே இருக்கிறது. காதில் வலி இல்லை, சீழ் இல்லை. நான் பேசினால் கிணற்றுக்குள் தலையை விட்டுப் பேசுவது போல என் குரலே எனக்குள் முழங்குகிறது. அம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதுக்குள் விடச் சொல்கிறார். பாமசியில் வாங்கிய மூக்குத் துளிமருந்தை மூன்று வாரமாக விட்டு வருகிறேன். சீசன் தொடங்கிவிட்டது. எப்போது கடலில் இறங்கலாம்?

பதில்: மேலே வாசிப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சத்தமில்லாத அறையில் இருந்து, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்...' என்று நீட்டி முனகுங்கள். அந்த ஓசை எந்தக் காதுப் பக்கம் பலமாகக் கேட்கிறது?

அடைத்திருக்கும் வலது காதுப் பக்கம் கேட்டால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. வெளியில் இருந்து சத்தம் உள்ளே போகும் வழி மட்டும் தடைப்பட்டிருக்கிறது, உட்காதும் நரம்பும் வேலை செய்கின்றன என்று அதற்கு அர்த்தம். நல்ல காது உள்ள யாராவது ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு முனகினாலும் பொத்திய காதில்தான் ஓசை பெரிதாகக் கேட்கும். உங்களுக்கு அந்த விரலின் வேலையைக் காதுக்குள் இருக்கும் நீர் செய்துகொண்டிருக்கிறது.

ஓசை நல்ல காதுப் பக்கம், அதாவது இடது பக்கம், ஓடினால் கதை வேறு. காது 'அடைத்த மாதிரி' இருப்பதாகத் தோன்றும், ஆனால் உண்மையில் உட்காதின் கேட்கும் திறனே குறைந்திருக்கலாம். தடிமன் வந்து போன கையோடு இது நடப்பதால் பலர் சளி என்று நினைத்து வாரக்கணக்கில் காத்திருந்துவிடுகிறார்கள். இதற்கு ஸ்டெரொயிட் மருந்து இருக்கிறது. முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால் நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். அப்படியென்றால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். தலை சுற்றி வாந்தி வந்தாலும், முகம் ஒரு பக்கம் இழுத்தாலும், காதுக்குப் பின்னால் வீங்கி வலித்தாலும் இதே பதில்தான்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் முதலாவது வகையாகத்தான் தெரிகிறது. அதை வைத்தே மேலே சொல்கிறேன்.

பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்தில் ஊத்தேக்கியாவின் குழாய் என்று படித்திருப்பீர்கள். நடுக்காதில் இருந்து மூக்கின் பின்பக்கம், உள்நாக்குக்கு மேலே வந்து திறக்கும் குழாய். நீளம் அண்ணளவாக 35 மில்லிமீற்றர். எப்போதும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் அண்ணத்தின் தசை இழுத்து ஒரு கணம் திறக்கும், அதன் வழியே காற்று உள்ளே போகும். நுவரெலியாவுக்கு பஸ் ஏறும்போது காது அடைத்து, எச்சிலை விழுங்கியதும் 'டக்' என்று விடுமே, அது இந்தக் குழாய் திறக்கும் சத்தம்தான்.

நடுக்காதில் உள்ள காற்றை அதன் சவ்வு சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குழாய் அடிக்கடி திறந்து அந்தக் குறையை நிரப்ப வேண்டும். பீனிசத்தில் மூக்கின் பின்பக்கச் சவ்வு தடித்து வீங்கும்போது குழாயின் வாயும் சேர்ந்து வீங்கிவிடுகிறது. புதுக் காற்று வராது. உள்ளே இருந்த காற்றும் உறிஞ்சப்பட, அமுக்கம் குறைந்து செவிப்பறை உள்நோக்கி இழுபடும். அதுவும் நீடித்தால் சவ்வில் இருந்து நீர் கசிந்து அந்த வெற்றிடத்தை நிரப்பும். வைத்தியர் விளக்குக் கருவியால் பார்க்கும்போது, சாம்பல் முத்துப் போல மினுங்க வேண்டிய செவிப்பறை உள்ளே குழிந்து, பின்னால் தேன் நிறத்தில் நீர் நிற்பது தெரியும். சில வேளை அந்த நீருக்குள் இரண்டு மூன்று காற்றுக் குமிழிகளும் தெரியும். குமிழியைக் கண்டால் எனக்குச் சந்தோசம். குழாய் திறக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கும் விழுங்கும்போது காதுக்குள் பொரிகிற மாதிரி, வெடிக்கிற மாதிரிக் கேட்டால் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழுது காதில் இல்லை, மூக்கின் பின்பக்கத்தில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

அம்மாவின் உள்ளி எண்ணெய்க்கு வருவோம். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் செவிப்பறை மூடிய கதவு. அதற்கு வெளியே விடும் எண்ணெய் உள்ளே நிற்கும் நீரைத் தொடவே தொடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிக் கிருமியையும் கொண்டுபோகும். எண்ணெய் கொஞ்சம் சூடு கூடினாலும் காதின் தோல் வெந்துவிடும். கோட்டன் பட், கொண்டை ஊசி, வாகனத் திறப்பு எதையும் காதுக்குள் விட வேண்டாம். அம்மாவிடம் கொத்தமல்லி அவித்துத் தரச் சொல்லுங்கள். சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அடிக்கடி விழுங்கவும் வைக்கும். அந்த விழுங்குதல்தான் குழாய்க்கு வேண்டியது.

அடுத்தது அந்தத் துளிமருந்து. இதைத்தான் உங்கள் கடிதத்தில் மிகக் கவலையோடு வாசித்தேன். போத்தலில் சைலோமெட்டாசொலின் அல்லது ஒக்சிமெட்டாசொலின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அவை மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே வழிவிடும். ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்கும். வீக்கத்துக்காக மறுபடி மருந்து, மருந்தால் மறுபடி வீக்கம். மூன்று வாரமாக விட்டு வரும் உங்களுக்கு இப்போது மூக்கை அடைத்து வைத்திருப்பது அந்த மருந்தாகவே இருக்கலாம். நிறுத்துங்கள். ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் முதலில் வலது மூக்கில் நிறுத்தி, ஒரு வாரம் கழித்து இடது மூக்கில் நிறுத்துங்கள். முதல் சில இரவுகள் மூக்கடைப்பால் தூக்கம் கெடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்குப் பதிலாக வைத்தியரிடம் கேட்டு மொமெட்டாசோன், புளூட்டிகாசோன் போன்ற ஸ்டெரொயிட் ஸ்ப்ரேயைத் தொடங்கலாம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உடம்புக்குள் போகும் அளவு மிகச் சிறியது. மூக்குச் சவ்வு வீங்கியிருப்பவர்களுக்கு இது உதவும், ஆனால் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். இரண்டு நாள் அடித்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அடிக்கும் முறையும் முக்கியம். தலையைச் சற்றே குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்து, முனையை அதே பக்கக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி வைத்து அடியுங்கள். நடு எலும்பை நோக்கி அடித்தால் மூக்கில் இரத்தம் வரும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். மெதுவாக மூச்சை இழுத்தால் போதும்.

ஸ்ப்ரேக்கு முன் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. ஒரு பெரிய கோப்பை, அதாவது 240 மில்லிலீற்றர் தண்ணீருக்கு, கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்பு. எரிந்தால் ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்க்கலாம். கிணற்றுத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ அப்படியே மூக்குக்குள் விடவே கூடாது. நன்றாகக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டுப் பாவியுங்கள். குடிக்கும் தண்ணீரில் வயிற்று அமிலம் கொன்றுவிடும் அமீபா ஒன்று, மூக்கு வழியே போனால் மூளைக்கு ஏறிவிடும். மிக மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். கடல் தண்ணீரை அள்ளி மூக்கைக் கழுவும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். உப்பு மிக அதிகம், சவ்வை இன்னும் எரியவைக்கும்.

வேது பிடிப்பது மூக்குக்கு இதம் தரும், காதுக்குள் இருக்கும் நீரை அது வற்றவைக்காது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து மடி வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம். தடிமனுக்கென்று பலர் தாமாகவே வாங்கிப் போடும் பிரிட்டன் (Piriton) என்னும் ஒவ்வாமைக் குளிசையும் ஒவ்வாமை இல்லாதவருக்கு இதில் உதவாது. தூக்கம் வரவைக்கும், படகோட்டும் உங்களுக்கு அது ஆபத்து. அன்ரிபயோட்டிக்கை மறுபடி தொடங்கவும் தேவையில்லை. சிகரெட், பீடி இருந்தால் அந்தப் புகையும் குழாயின் சவ்வை வீங்கவைக்கும்.

குழாயைத் திறக்கப் பழக்கும் பயிற்சி ஒன்று சொல்கிறேன். வாயில் ஒரு மிடறு தண்ணீர் எடுத்து, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு விழுங்குங்கள். பின் மூக்கைத் திறந்து மறுபடி விழுங்குங்கள். நாளுக்கு ஐந்தாறு தடவை செய்யலாம். மூக்கைப் பொத்தி, வாயை மூடி, கன்னம் சற்று உப்பும் அளவுக்கு மெதுவாக ஊதுவதும் நல்லது. நீருக்குள் இறங்குகிற உங்களுக்கு அது கைவந்த பழக்கமாகத்தான் இருக்கும். ஆனால் மூக்கில் மஞ்சள் சளி நிற்கும் நாட்களில் ஊத வேண்டாம், சளி காதுக்குள் ஏறும். திறக்கவில்லை என்று முக்கி முக்கி ஊதவும் வேண்டாம், உட்காதின் மெல்லிய சவ்வு கிழிந்துவிடலாம். மூக்கைச் சீறும்போதும் ஒரு பக்கம் பொத்தி மறுபக்கத்தை மெதுவாகச் சீறுங்கள். இரவில் தலையணையை உயர்த்தி, அடைத்த காது மேலே இருக்கும்படி படுங்கள். தட்டையாகப் படுத்தால் மூக்கின் பின்பக்கம் இன்னும் தடிக்கும்.

எவ்வளவு நாள்? வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் விட்டுவிடும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் இழுக்கும். நான்கு வாரம் ஆகிவிட்டதால் இப்போது ஒரு தடவை காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டுவது சரி. வெறும் காதுக்குடுமி நீரில் ஊறிப் பருத்து அடைத்திருந்தாலும் அங்கே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேள்திறன் சோதனையும், செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று அளக்கும் சோதனையும் செய்வார்கள். இரண்டுமே வலிக்காது. மூன்று மாதம் தாண்டியும் நீர் வற்றாவிட்டால் செவிப்பறையில் சின்னத் துளையிட்டு நீரை உறிஞ்சி, குறொமெற் என்னும் சிறு குழாயை வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு பக்கக் காதில் மட்டும் நீர் நின்று விடாமல் இருந்தால், மூக்கின் பின்பக்கத்தைக் கமராக் குழாயால் பார்த்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் வளரும் கட்டி சில வேளை காதடைப்பாகத்தான் முதலில் வெளிப்படும். உங்களுக்கு அப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, தடிமனோடு வந்த அடைப்பு இது. ஆனாலும் கழுத்தில் கட்டி, மூக்கில் இரத்தக் கசிவு ஏதும் இருந்தால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

இனிக் கடல். சுழியோட இப்போது வேண்டாம். பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் தரையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு என்பது உங்களுக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது, குழாய் திறக்காத காதோடு ஒன்றேகால் மீற்றர் போனாலே, அதாவது நெஞ்சளவுத் தண்ணீரின் ஆழத்திலேயே, குழாயின் வாய் இறுகிப் பூட்டிக்கொள்ளும் என்பது. அதன்பின் என்ன ஊதினாலும் திறக்காது. இன்னும் சில மீற்றர் இறங்கினால் செவிப்பறை கிழியலாம். கிழிந்த வழியே குளிர்ந்த நீர் உள்ளே போனதும் தலை சுற்றி, எது மேல் எது கீழ் என்றே தெரியாமல் போகும். எத்தனை வருடம் கடலில் கிடந்தவனாக இருந்தாலும் அந்தச் சில விநாடிகள் ஆபத்தானவை. துளிமருந்தை விட்டுக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம். ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் விட்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியிருக்காது.

தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. படகை ஓட்டுங்கள். செவிப்பறை கிழியவில்லை என்று வைத்தியர் பார்த்துச் சொன்னபின், உயிர்காப்பு அங்கி போட்டு நீரின் மேல் மிதந்து பவளப்பாறை காட்டலாம், தலையைக் கீழே விட்டு முக்குளிக்க மட்டும் வேண்டாம். வலது காது மந்தமாக இருக்கும்வரை சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சரியாகப் பிடிபடாது. மற்றப் படகின் எஞ்சின் சத்தத்தை நம்பாமல், வலது பக்கம் பார்த்துக்கொள்ள ஒரு பொடியனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் நின்று மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதும்போது இரண்டு காதும் ஒன்றுபோல 'டக்' என்று திறக்க வேண்டும். துளிமருந்து ஏதும் இல்லாமல் ஒரு வாரம் தொடர்ந்து அப்படித் திறந்து, கேட்கும் திறனும் இரு பக்கமும் சமமாகி, வைத்தியரும் நீர் வற்றிவிட்டது என்று சொன்ன பிறகு இறங்கலாம். முதல் நாள் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் முதலில் இறங்குங்கள். ஒவ்வொரு அரை மீற்றருக்கும், வலி வருவதற்கு முன்பே, காதைத் திறந்து பாருங்கள். வலது காது திறக்க மறுத்தால் அரை மீற்றர் மேலே வந்து இன்னொரு தடவை முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் அன்றைக்குப் படகில் ஏறிவிடுங்கள்.